இடப்பக்கக் கோடு

வெள்ளை வண்டி இரண்டாவது முறையும் ஃபெயிலாகித் திரும்பி வந்தபோது, கோந்து கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு வந்து நின்றான்.

"என்ன அண்ணி, பிள்ளை பாஸா?"

அவள் இறங்கி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், முயற்சி நிறுத்தப்பட்டது என்ற பொருளில் ஏதோ ஒரு வரி. அதை அவள் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை. சிவப்பைப் பார்த்தாலே போதும்.

கோந்து என்பது அவன் பெயரல்ல. கார்களுக்கு முன்கண்ணாடி மாற்றுகிற அந்தக் கடையில், கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டுவது அவன் வேலை. கறுப்புப் பசை விரலிடுக்கில் எப்போதும் காய்ந்து கிடக்கும். அவள் கணவர் வைத்த பெயர் அது. அவன் கல்யாணத்தன்றும் விரலில் பசை இருந்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். அவனும் மறுத்ததில்லை.

ஒட்டுவது அவன் வேலை என்றால், கண்ணைத் திறந்துவைப்பது அவள் வேலை. இந்தக் காலத்து வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால், மேலே, ஒரு சின்ன கேமரா இருக்கிறது. சாலைக் கோடுகளை அது பார்த்துக்கொண்டே வரும். வண்டி கோட்டைத் தாண்டினால் கத்தும், ஸ்டியரிங்கை மெல்ல இழுக்கும், தேவைப்பட்டால் பிரேக்கும் பிடிக்கும். கண்ணாடியை மாற்றினால் கேமராவைக் கழற்றி மாட்ட வேண்டும். மாட்டும்போது ஒரு மயிரிழை தவறினாலும், தூரத்தில் அது ஒரு ஆள் அகலத்துக்குத் தவறாகப் பார்க்கும். அதனால் முதலில் கடைக்குள்ளேயே, சமதளத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட பலகையை வண்டிக்கு எதிரே நிறுத்தி, நேர் எது கோணல் எது என்று கேமராவுக்குக் காட்டுவாள். பிறகு நிஜச் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். கணவர் ஓட்டுவார். அவள் இடப்பக்கத்து இருக்கையில் டேப்லெட்டோடு உட்காருவாள். வண்டி இரண்டு கோடுகளுக்கு நடுவே சீராகப் போகும்வரைதான் கேமரா கற்றுக்கொள்ளும். சதவீதம் ஏறி நூறைத் தொட்டால் முடிந்தது. அதுவரை அது கத்தாது, எதையும் தடுக்காது. வாய் திறக்காத குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு மட்டும் வரும். இந்த ஓட்டத்துக்கு அவர்கள் கடையில் பள்ளிக்கூடம் என்று பெயர். அதுவும் அவர் வைத்ததுதான், எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிற நல்ல நாட்களில்.

கணவர் வண்டியைச் சுற்றி வந்து கண்ணாடியை விரலால் தட்டினார்.

"கோணல்டா. கோணலா ஒட்டி வெச்சிருக்கே."

"அண்ணே, முதல் கண்ணாடியையும் கோணல்னீங்க. அறுத்து எடுத்து, வேற போட்டேன். இதுவும் கோணலா?"

"கை கோணலா இருந்தா கண்ணாடி என்ன பண்ணும்?"

கோந்து சிரிக்கவில்லை. அவனை இப்படி யாரும் சொன்னதில்லை. பிற கடைக்காரர்கள் ஒட்டத் தெரியாத வண்டியை அவனிடம்தான் அனுப்புவார்கள். அவன் அவளைப் பார்த்தான். நீங்கள் சொல்லுங்கள் என்பது மாதிரி. அவள் டேப்லெட்டைப் பார்த்தாள்.

அவள் கணவரைத்தான் நம்பினாள். முன்பு அவர் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். தூங்குகிற பயணிகளின் தலை ஜன்னலில் இடிக்காமல் வளைவில் திருப்புகிறவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் ஓட்டி ஃபெயிலாகிறது என்றால் பிழை கண்ணாடியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேமராவைத் தாங்கும் பிடியில், இல்லையென்றால் அழிந்துபோன சாலைக் கோட்டில். கொஞ்ச காலமாகவே எல்லா வண்டிகளும் தாமதமாகத்தான் பாஸாகின்றன. மழை என்றாள், வெயில் என்றாள், புழுதி என்றாள். பலகையை அளந்தாள், தரையை அளந்தாள், டயரில் காற்றை அளந்தாள். அளக்காதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தாள்.

அன்றே மூன்றாவது கண்ணாடியும் ஒட்டப்பட்டது. மறுநாள் மதியம், பசை காய்ந்து வண்டி தயாராக நின்றபோது கணவர் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார். வண்டியின் சொந்தக்காரம்மா போன் செய்து, "கண்ணாடி மாத்தச் சொன்னேனா, கண்ணாடித் தொழிற்சாலை கட்டச் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அவரை எழுப்பப் போனவளைக் கோந்து தடுத்தான்.

"அண்ணன் தூங்கட்டும். நான் ஓட்டுறேன். ஃபெயிலாச்சுன்னா என் கை கோணல்னு நானே போர்டு எழுதி வாசல்ல மாட்டுறேன்."

ஊருக்கு வெளியே போகிற பெரிய சாலையில் அவன் ஓட்டினான். கோபம் இன்னும் அடங்கவில்லை. அவள் வழக்கம்போல் எண்ணைப் பார்த்தாள். இருபது. முப்பத்தைந்து. நாற்பது. எண் தயங்காமல், மூச்சு வாங்காமல் ஏறியது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனதால்தான் அவள் தலையை நிமிர்த்தினாள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, ஓடுகிற வண்டியிலிருந்து சாலையைப் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் எவ்வளவோ, அந்தப் பக்கமும் அவ்வளவு. எதிரே வந்த லாரி, எட்ட, தன் பாட்டில் போயிற்று. அது ஹாரன் அடிக்கவில்லை.

கணவர் ஓட்டும்போது லாரிகள் ஹாரன் அடிக்கும். காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி, நீளமாக. 'வெறி பிடிச்சு ஓட்டுறானுங்க' என்பார் அவர். அவளும் எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ஆமாங்க' என்பாள்.

டேப்லெட் சந்தோஷமாக ஒலித்தது.

"பாஸ்!" கோந்து ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். "இப்போ சொல்லுங்க அண்ணி, யார் கை கோணல்? நானா, இல்ல…"

அந்த இடத்தில் அவன் நின்றான். சொல்ல வந்ததை அவனே அப்போதுதான் கேட்டான் போலிருந்தது. ஜெயித்த முகம் அப்படியே வாடியது.

வண்டியைக் கடைப்பக்கம் திருப்பினான்.

"அண்ணனுக்குத் தூக்கம் சரியில்லையோ என்னவோ," என்றான்.

"மதியமெல்லாம் தூங்கத்தான் செய்றார்."

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. போன வாரம் கடைக்குள்ள வண்டியை எடுக்கிறப்போ உங்க பக்கத்து, இடது மிரரைத் தூணில தேய்ச்சுட்டார். தேய்ச்சது அவருக்குத் தெரியவே இல்லை. நான் பாலிஷ் போட்டு மறைச்சிட்டேன்." பிறகு அவசரமாகச் சேர்த்தான்: "கண்ணாடி கோணல்தான்னே வெச்சுக்கலாம் அண்ணி. மூணாவது தடவை ஒழுங்கா ஒட்டிட்டேன்னு சொல்லிடுறேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கடைக்குத் திரும்பியபோது கணவர் முகம் கழுவிக்கொண்டு நின்றார். பாஸ் என்றதும் முகம் மலர்ந்தது. யார் ஓட்டியது என்றுகூட அவர் கேட்கவில்லை.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல, கோணல்னு."

"ஆமாண்ணே," என்றான் கோந்து, தரையைப் பார்த்துக்கொண்டு. "கோணலாத்தான் இருந்துச்சு."

அவள் டேப்லெட்டை அணைத்து மேசைமேல் வைத்தாள்.

அன்று மாலை வீட்டில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் அவள் சோபாவில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இடம் அதுதான். காரிலும் அதுதான், படுக்கையிலும் அதுதான். அவர் கன்னத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் மட்டும் ஒரு கை அகலத்துக்கு மழிக்காத முடி. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். சட்டைக்குள் இடது தோளில் நீலமாய்க் கன்றியிருப்பதும் தெரியும். கதவு நிலையில் இடித்துக்கொண்டது. வீட்டைக் கட்டியவனைத் திட்டியிருந்தாள்.

அவள் கையைத் தூக்கி மெதுவாக அசைத்தாள். அவர் டிவி பார்த்தார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அசைத்தாள். ஒரு ஈயை விரட்டுகிற அளவுக்குக்கூட அவர் கண் அசையவில்லை.

எழுந்து சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"எங்கே போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்றார் அவர், சிரித்த முகமாக.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முதலில் வந்தது பயம் அல்ல. அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள், நினைத்தபோதெல்லாம் கூசியிருக்கிறாள். முதலில் வந்தது நிம்மதி. சில மாதங்களாக அவர் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டியில் பேசினால் முன்கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்வார். படுத்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். மகள் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன பிறகு இருவருக்கும் நடுவே மிஞ்சியது இவ்வளவுதான் என்று அவள் தனக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தாள். குளியலறையில் அழுதும் முடித்திருந்தாள். அவர் அவளை வெறுக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடமே அவருக்கு இல்லாமல் போயிருக்கிறது. அவ்வளவுதான். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் மற்றது வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை வண்டிகள். எத்தனை ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எண்ணைப் பார்த்தாள். எண் ஏன் ஏறவில்லை என்று கண்ணாடியைக் கேட்டாள், தரையைக் கேட்டாள். பக்கத்து ஆளைக் கேட்கவில்லை.

படுத்த பிறகு அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. காலையில் ஒரு சாம்பல் வண்டி இருக்கிறது. அதை அவர் ஓட்டக்கூடாது. ஆனால் ஓட்டக்கூடாது என்று சொல்ல வேண்டியதில்லையே? இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். அவள் ஓட்டுவாள், அவர் டேப்லெட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வார். அதுவும் வேலைதான். மெதுவாக ஒரு நாள் டாக்டரிடம், கண்ணுக்குக் கண்ணாடி போட என்று சொல்லி, அழைத்துப் போகலாம். ஓட்டுவதுதான் அவருக்கு எல்லாமே. அதைப் பிடுங்கினேன் என்று இருக்காது, நான் ஆசைப்பட்டுக் கேட்டேன் என்று இருக்கும். கோந்து ஒரு பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அவளும் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

காலையில் சாம்பல் வண்டியின் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

"என்ன இது?" என்றார்.

"இன்னிக்கு நான் ஓட்டுறேனே."

"ஏன், என் ஓட்டு புளிச்சுப் போச்சா?"

"எனக்கும் பழகணும்ல."

"பழகி என்ன பண்ணப் போறே, பஸ் ஓட்டவா?" சிரித்தார். "ஓட்டு, ஓட்டு. நான் மகாராஜா மாதிரி உக்காந்து வர்றேன். டேய் கோந்து, உங்க அண்ணி ஓட்டுறா. ரோட்டுல போறவனையெல்லாம் ஓரமா நிக்கச் சொல்லு!"

கோந்து சிரிக்க முயன்றான். பிறகு உள்ளே போய்விட்டான்.

பெரிய சாலைக்கு வந்ததும் கணவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இப்போது அவள் அவருக்கு வலப்பக்கம் இருந்தாள். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முடியை வெட்டிட்டியா?"

"வெட்டி ரொம்ப நாளாச்சுங்க."

"எனக்குச் சொல்லவே இல்லையே. நல்லாத்தான் இருக்கு. ஸ்கூல் டீச்சர் மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெயிலே இல்லாத காலை, வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கிடந்தது. ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் அவள் சந்தோஷமாக இருந்தாள். அவர் பேசிக்கொண்டே வந்தார். மகள் போன் செய்வதே இல்லை என்றார், செய்தால் தனக்குத்தான் பேசத் தெரியவில்லை என்றும் அவரே சொன்னார். இப்படியே போகலாம் என்று அவள் நினைத்தாள்.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள்.

அவர் மடியிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "எட்டு."

"சரி."

கொஞ்சம் கழித்து, "இப்போ?"

"ஆறு."

"எட்டுன்னீங்களே?"

"குறைஞ்சிருச்சு. உன் ஓட்டு அப்படி."

அந்த எண் குறையாது. ஒன்று ஏறும், இல்லையென்றால் நிற்கும், இல்லையென்றால் சிவப்பாகும். அவள் ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு. இடப்பக்கம் இருந்த மூன்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். சாலை நேராக இருந்தது. கோடுகள் புதிதாய், வெள்ளையாய் இருந்தன. அவர் உற்சாகமாக எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒன்பது… மூணு… இரு, ஏழாயிருச்சு… அட, ஒண்ணுக்கு வந்துருச்சே. என்னடி ஓட்டுறே?" அவள் சரிங்க, சரிங்க என்றாள். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. இரவெல்லாம் கட்டிய ஏற்பாடு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செங்கல்லாக உதிர்ந்துகொண்டிருந்தது.

டேப்லெட் ஒலித்தது.

"சத்தம் போடுது," என்றார் அவர். குனிந்து பார்த்தார். "ஆனா சைபர்ங்குது. பார்த்தியா? இதுலயும் கண்ணாடி கோணல். அந்தக் கோந்துப் பயலை இன்னிக்கு…"

அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"அதை இந்தப் பக்கம் நகர்த்துங்க," என்றாள்.

"எதை?"

அவளே கையை நீட்டி, டேப்லெட்டை அவர் மடியிலிருந்து எடுத்து, அவருடைய வலது தோளுக்கு நேரே பிடித்தாள். "இப்போ படிங்க."

"நூறு," என்றார்.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். விளையாட்டா என்று கேட்கிற பார்வை. பிறகு டேப்லெட்டை அவள் கையிலிருந்து வாங்கினார். மெதுவாகத் தன் மடிக்குக் கொண்டுபோய், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினார். "சைபர்." மறுபடி வலப்பக்கம் கொண்டுவந்தார். "நூறு." ஒரு வண்டியில் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடிக்கிறவர் மாதிரி, மூச்சை அடக்கிக்கொண்டு, திரும்பவும் நகர்த்தினார். இந்த முறை எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

ஒரு லாரி கடந்து போயிற்று. வண்டி ஆடி நின்றது.

"அப்போ அவன் ஒட்டினது சரியாத்தான் இருந்திருக்கு," என்றார்.

"ஆமாங்க."

"மூணும்?"

"மூணும்."

"அப்புறம் ஏன் கோணல்னு ஒத்துக்கிட்டான், பைத்தியக்காரன்?"

அவர் கேட்டது பதிலுக்காக அல்ல. டேப்லெட்டைத் தொடைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். வயதான ஒரு மனிதர் திடீரென்று அந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியலங்க." அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. உங்களையும் பார்க்கலை."

"யாரையாவது இடிச்சிருந்தா?"

அவளுக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது. அதைச் சுமப்பதற்கு இப்போது இரண்டு பேர் என்பதைத் தவிர எந்த ஆறுதலும் தோன்றவில்லை. "வண்டியைக் கொடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரி போயிடலாம்," என்றாள். "இன்னிக்கே."

அவர் தலையசைத்தார். அவள் வண்டியை எடுத்தாள். வளைந்து திரும்பி, கடையை நோக்கிப் போகிற பக்கத்துக்கு வந்தாள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் கழித்து, தனக்கே கேட்காத குரலில், "இடது பக்கம் என்னென்ன இருக்குன்னு சொல்லிட்டே வா," என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். "ஒரு சுவர். பாதி இடிஞ்சது. பழைய டயரை அடுக்கி வெச்சிருக்காங்க. ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிட்டுப் போறார். பஞ்சர் போல."

"அவரையா நான் பார்த்திருக்க மாட்டேன்?"

"இப்போ தாண்டியாச்சு."

"ம். சொல்லு."

"ஒரு பெட்டிக் கடை. பூட்டியிருக்கு. ரெண்டு நாய். கரண்டு கம்பம்."

பிறகு சாலையோரம் வெறுமையானது. அவள் பேசுவதை நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். காத்திருந்து, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"ஒண்ணுமில்லையா, இல்ல எனக்குத்தான் தெரியலையா?"

"நிஜமாவே ஒண்ணுமில்லைங்க," என்றாள் அவள். "வெறும் மண்ணுதான்."